கணக்கு டீச்சரின் மேசை

ஆரஞ்சுப் பழம் நிதானமாக உருண்டு, கொல்லைப்புறத்தில் போட்ட மேசையின் முழு நீளத்தையும் கடந்து, சுவர்ப் பக்கம் கீழே விழுந்தது. கணக்கு டீச்சர் அதை எடுத்து மறுபடியும் வைத்தார். அது மறுபடியும் அதே வழியாகப் போய் அதே இடத்தில் விழுந்தது.

"பழம் சரியில்லையோ என்னமோ," என்றார் கணவர். அவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊரார் கண்ணிலுள்ள கோளாறையெல்லாம் கண்டுபிடித்துவிடுவார். மனைவியிடம் மட்டும் ஒரு கோளாறும் அவர் கண்ணில் பட்டதில்லை.

"பழம் சரியாத்தான் இருக்கு. மேசைதான் சாய்ஞ்சிருக்கு," என்றார் டீச்சர். சொல்லிவிட்டு மேசையின் விளிம்பைத் தடவிக்கொடுத்தார்.

தடவாமல் இருப்பாரா பின்னே? நாலு மாதத்துச் சனி, ஞாயிறு அத்தனையும் அந்த மேசைக்குள் போயிருந்தன. வெயிலும் மழையும் தாங்குகிற, இரும்புக்குத் தம்பி மாதிரியான மரம். அதை அறுத்ததில் மூன்று ரம்பங்கள் பல் இழந்தன. சாக்பீஸைத் தவிர வேறு ஆயுதம் பிடித்தறியாத கை, உளி பிடித்து, ஓர் ஆணிகூட இல்லாமல், ஒரு கட்டையின் நாக்கை இன்னொரு கட்டையின் துளையில் இறக்கி, எட்டுப் பேர் உட்காரும் மேசையும் இரண்டு பெஞ்சுகளும் செய்து முடித்திருந்தது. அந்த இணைப்புகளுக்குள் ஒரு காகிதத்தைக்கூட நுழைக்க முடியாது. நான் சும்மா புகழவில்லை, கணவர் நுழைத்துப் பார்த்துத் தோற்றவர்.

எல்லாம் அக்கா வீட்டுக்காரரால் வந்தது. அத்தான் பெரிய மேசை நாற்காலிக் கடை வைத்திருக்கிறார். "மரம் என்ன உன் கிளாஸ் பையனா, உட்காருன்னா உட்கார?" என்று சிரித்தார். "ஞாயித்துக்கிழமை வரேன். மேசை இம்மி பிசகாம நின்னா, என் கடை வாசல்லயே வெச்சு உன் பேரை எழுதி மாட்டறேன். சாய்ஞ்சா, கடைலேர்ந்து ஒரு பிளாஸ்டிக் மேசை வரும். வாயை மூடிட்டு வாங்கிக்கணும்."

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

டீச்சர் ரசமட்டத்தைக் கொண்டுவந்தார். கொல்லைப்புறத்துக்குப் புதிதாகத் தளம் போட்ட கொத்தனார் மறந்து விட்டுப் போனது அது. குமிழி நடுவில் நின்றால் சமம், ஓடினால் ஓடுகிற பக்கம் மேடு. குமிழி சுவருக்கு எதிரே கொல்லைக் கேட் பக்கம் ஓடியது. சுவர்ப் பக்கம் மூன்று சென்டிமீட்டர் தாழ்வு.

"தரையில ஏதாவது..." என்று இழுத்தார் கணவர்.

"அந்தக் கொத்தனார் போட்ட தரையா? நீங்கதானே சொன்னீங்க, ஒரு சொட்டுத் தண்ணி நிக்கலைன்னு."

உண்மைதான். அந்தத் தரையைக் கழுவிவிட்டால் தண்ணீர் சொன்ன பேச்சைக் கேட்டுச் சுவரோரத் துவாரத்தில் போய் இறங்கிவிடும். பார்த்தவர்கள் எல்லாம் புகழ்ந்த தரை. அந்த மனிதரின் ரசமட்டத்தை அவர் தரைமேலேயே வைத்துப் பார்ப்பது மரியாதையில்லை என்று டீச்சர் நினைத்தார்.

கேட் பக்கத்துக் கால்கள் இரண்டிலும் மூன்று சென்டிமீட்டர் அறுத்தார். ஒரு காலுக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. குமிழி நடுவில் வந்து நின்றது.

"பிரமாதம்," என்றார் கணவர். "ஒரே ஒரு யோசனை. சுவர்ப் பக்கத்து முனையில மரத்துல அழகா ஒரு சுழி இருக்கு பாரு. அது கேட் பக்கம் இருந்தா, அத்தான் உள்ள வரும்போதே கண்ணுல படும்."

நல்ல யோசனைதான். இருவரும் முக்கி முனகி மேசையைத் திருப்பிப் போட்டார்கள். குமிழி கேட் பக்கம் பாய்ந்தது. இந்த முறை ஆறு சென்டிமீட்டர்.

டீச்சர் நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். மூன்று, ஆறு. "சரியா ரெண்டு மடங்கு," என்றார். முகம் மலர்ந்தது. கணக்கு டீச்சர்களுக்கு ஒரு விதி கிடைத்துவிட்டால் துக்கம் மறந்துவிடும். "கேட் பக்கம்தான் வெயில் படுது. வெயில்ல மரம் வளருது."

"வெட்டின மரம் வளருமா?"

"ஆறு சென்டி வளர்ந்திருக்கு. நீங்களே அளந்து பாருங்க."

கணவர் அளந்து பார்த்தார். ஆறுதான். "உன் கை பட்டா செத்த மரமும் வளருதே," என்றார் நெகிழ்ந்து.

கேட் பக்கம் ஆறு அறுபட்டது. வெள்ளிக்கிழமை மாலை, டீச்சர் பள்ளியிலிருந்து வருவதற்குள் உதவி செய்துவைப்போம் என்று, கணவர் அடுத்த வீட்டுக்காரரைக் கூட்டிவந்து மேசையை நகர்த்தி, மரத்தூளையெல்லாம் கழுவிவிட்டு, மேசையைத் திரும்பப் போட்டார். எந்த முனை எந்தப் பக்கம் இருந்தது என்பது மட்டும் நினைவில்லை.

டீச்சர் ரசமட்டம் வைத்தார். விதிப்படி பன்னிரண்டு வர வேண்டும், ஆறுதான் வந்தது. "வளர்ச்சி குறையுது. நல்ல அடையாளம்," என்று அறுத்தார். சனிக்கிழமை காலையில் சுழி சுவரைப் பார்த்து இருப்பதைக் கணவர் கண்டுபிடித்துத் திருப்பிப் போடச் சொன்னார். மறுபடி ஆறு. மறுபடி ரம்பம்.

சனிக்கிழமை மத்தியானம் குமிழி நடுவில் அசையாமல் நின்றது. "இனிமே இதை யாரும் தொடக் கூடாது," என்றார் டீச்சர். உட்கார்ந்து பார்த்தால் முழங்கால் மேசைக்கடியில் நுழையவில்லை. பெஞ்சுகளின் கால்களையும் பத்துப் பத்துச் சென்டிமீட்டர் குறைத்தார். அழவில்லை. உளியைத் துடைத்து வைத்துவிட்டு, மரத்துக்குப் பொறுமையாக எண்ணெய் தடவினார். அந்தப் பிடிவாதத்துக்கே ஒரு பெயர்ப்பலகை மாட்டலாம்.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் கடை வேனிலேயே வந்தார். பிளாஸ்டிக் மேசை பின்னால் தயாராக இருந்தது.

கேட்டைத் திறந்ததும் சுழியைப் பார்த்தார். இணைப்புகளைத் தடவிப் பார்த்தார். ஒரு டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி மேசைமேல் வைத்தார். நாலு பக்கமும் தண்ணீர் விளிம்போடு சமமாக நின்றது. ஆரஞ்சை வைத்தார். அது நின்றது. அதையே பெஞ்சில் வைத்தார். அது சுவரைப் பார்த்து உருண்டது.

"பெஞ்சு பந்தயத்துல இல்ல, அத்தான்," என்றார் டீச்சர் அவசரமாக.

அத்தான் முழங்கால் நெஞ்சுக்கு வர உட்கார்ந்தார். "உயரம் கொஞ்சம் கம்மி. ஆனா இப்படி ஒரு மேசை என் கடைக்கு வந்ததே இல்லம்மா. நான் தோத்துட்டேன்." அவர் குரலில் பொறாமையே இல்லை. டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அங்க என் கடைத் தரை கண்ணாடி மாதிரி சமமா இருக்கும். இன்னைக்கே கொண்டுபோய் வாசல்ல வெக்கறேன். போறவன் வரவன்லாம் டம்ளர் வெச்சுப் பாக்கட்டும்."

அத்தான் ஒரு முனையையும் கணவர் மறுமுனையையும் பிடித்தபோது, கொத்தனார் ரசமட்டத்தைக் கேட்டு வந்து நின்றார். மேசையைப் பார்த்ததும் வந்த வேலையை மறந்தார். ரசமட்டத்தை அதன்மேல் வைத்தார். குமிழி நடுவில் நின்றது. அவர் புருவம் சுருங்கியது. குனிந்து நாலு கால்களையும் சாணால் அளந்தார். பிறகு எழுந்து, டீச்சரைப் பார்த்துக் கைகூப்பினார்.

"தண்ணி ஓடணும்னு இந்தத் தரையைச் சுவர்ப் பக்கம் மூணு சென்டி சரிவா போட்டிருக்கேன், இதுவரைக்கும் ஒருத்தர் கண்ணுலயும் பட்டதில்ல, நீங்க அதையும் கண்டுபிடிச்சு, அதுக்குத் தகுந்த மாதிரியே காலை வெட்டியிருக்கீங்களே, டீச்சர்."