அகலம் பத்தாது

அன்று காலை அந்தப் புது வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: வீட்டைக் கட்டிய ஏ.சி. மெக்கானிக், அவர் மனைவி, மனைவியின் தம்பி, மேஸ்திரி, நகராட்சிக் கட்டட ஆய்வாளர், ஆய்வாளருடைய அளவு டேப்பின் மறுமுனையைப் பிடிக்கிறவர். அட்டைப்பெட்டிக்குள் நின்ற ஃபிரிட்ஜையும் சேர்த்துக்கொள்ளலாம். இடத்தை அடைத்துக்கொண்டு எதற்கும் உதவாமல் நிற்பதில் அதற்கும் மைத்துனனுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

"வாசல் அகலம் பத்தாது," என்றார் ஆய்வாளர். மெக்கானிக் குடும்பம் பிழைக்க வந்த நாட்டின் மொழியில்தான் சொன்னார். எந்த மொழியில் சொன்னாலும் செலவு வைக்கிற வாக்கியம் அது.

"ஏன் சார் பத்தாது? நாம எல்லாரும் உள்ள வந்துட்டோமே!"

"சக்கர நாற்காலி வராது."

"எங்க வீட்டுல யாருக்கும் சக்கர நாற்காலி இல்லைங்க."

ஆய்வாளர் மெக்கானிக்கை மேலும் கீழும் பார்த்தார். "இப்போதைக்கு," என்றார்.

மெக்கானிக் அந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் வாடகை வீடு. அங்கே சமையல்கட்டுக்குள் ஒருவர் போக வேண்டுமென்றால் உள்ளே இருப்பவர் வெளியே வர வேண்டும். ஊரார் வீட்டு ஏ.சி.யை எல்லாம் குளிர வைத்து, தான் வெந்து, ஒரு மனை வாங்கி இந்த வீட்டைக் கட்டினார். மனைவி கேட்டது ஒன்றே ஒன்று. "முழங்கை இடிக்காத ஒரு சமையல்கட்டு. மத்ததெல்லாம் உங்க இஷ்டம்." இப்போது வாடகை வீட்டுக்காரர் மாதக் கடைசியில் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஆய்வாளர் குடிபுகும் அனுமதி தந்தால்தான் புது வீட்டுக்குக் கரண்ட் வரும், தண்ணீர் வரும். தராவிட்டால் குடும்பம் தெருவில்.

மைத்துனன் அவர் காதருகே வந்தான். "மாமா, நீங்க வாயைத் திறக்காதீங்க. இந்த ஊரு ஆபீசருங்க மனசு எனக்குத் தெரியும். சொன்னதை மட்டும் செஞ்சா மதிக்க மாட்டாங்க. சொன்னதுக்கு மேல ஒரு படி செஞ்சு காட்டணும். அசந்துருவாங்க."

எல்லோரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள்.

"இடிச்சிருவோம்," என்றார் மேஸ்திரி. அவர் மனமாரக் கொடுக்கிற வாக்குறுதி அது ஒன்றுதான்.

டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் மனைவி பக்கம் திரும்பினார். "மத்தியானத்துல இந்தப் பக்கம் வெயில் அடிக்குமாம்மா?"

"அடிக்காதுங்க. அதுக்குத்தான் சமையல்கட்டை இந்தப் பக்கம் வச்சது."

"நல்லதாப் போச்சு," என்றார் அவர், மனம் குளிர்ந்து.

"அந்த மனுஷன் ஒருத்தர்தாங்க வீட்டை வீடாப் பார்த்தாரு," என்றாள் மனைவி, அவர்கள் போன பிறகு.

மைத்துனன் யோசனைப்படி ஒற்றைக் கதவு போய் ரெட்டைக் கதவு வந்தது. படி போய்ச் சறுக்குப் பாதை வந்தது. அவள் செடி வைக்க விட்டிருந்த இடத்தைப் பாதை முழுங்கிவிட்டது.

ஆய்வாளர் மறுபடி வந்தார். ரெட்டைக் கதவைத் தள்ளினார், இழுத்தார். அசந்ததாகத் தெரியவில்லை.

"இவ்வளவு பெரிய வாசல்ல நிறையப் பேர் வருவாங்க. தீப்பிடிச்சா எல்லாரும் எப்படி வெளியே ஓடுவாங்க?"

"நாங்க மொத்தமே மூணு பேர்தான் சார்."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு பெரிய வாசல்?"

மெக்கானிக் மைத்துனனைப் பார்த்தார். மைத்துனன் கூரையைப் பார்த்தான். மேஸ்திரி சுத்தியலைப் பார்த்தார்.

பின்வாசல் வைக்க ஒரே வழி படுக்கையறைதான். அதை நடுவில் வெட்டி நடைபாதை போட்டார்கள். மைத்துனன் தன் பங்குக்கு ஒரு படி மேலே போய், கரண்ட் இல்லாவிட்டாலும் பேட்டரியில் எரிகிற பச்சை விளக்குப் பலகை ஒன்றைக் கட்டில் போடுகிற இடத்துக்கு நேர் மேலே மாட்டினான். அம்புக்குறி போட்டு, 'வெளியே' என்று அந்த ஊர் எழுத்தில் எரிந்தது.

"படுக்கிற இடத்துல வெளியேன்னு எழுதி வச்சா என்னடா அர்த்தம்?" என்றாள் அக்கா.

"ராத்திரியில மாமா பயப்பட மாட்டாருக்கா."

"அவரு உன்னைப் பார்த்துத்தான் பயப்படுறாரு."

அடுத்த தடவை ஆய்வாளர் கழிவறை வாசலில் நின்றார். ரெண்டு வழி இருக்கிற கட்டடத்துக்கு இந்தக் கழிவறை சிறிது என்றார். பெரிதாக்கச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் மைத்துனன் இருக்கிறானே! பெரிதாக ஒன்று எதற்கு, ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்றாகக் கட்டிவிடலாம் என்றான். தண்ணீர்க் குழாய் போகிற பக்கத்தில்தானே கட்ட முடியும்? அந்தப் பக்கம் இருந்தது சமையல்கட்டு.

"இடிச்சிருவோம்," என்றார் மேஸ்திரி, கொஞ்சம் மெதுவாக.

அன்றிலிருந்து மனைவி புருஷனோடு பேசுவதை நிறுத்தினாள். பேச வேண்டியதைத் தம்பி மூலமாகச் சொன்னாள். "உங்க மாமாகிட்ட சொல்லு, அந்த வாடகை வீட்டுச் சமையல்கட்டு மைதானமா இருந்துச்சுன்னு."

மெக்கானிக் பொறுக்க முடியாமல் ஆய்வாளரின் அலுவலகத்துக்கே போய்விட்டார். குறுகலான மாடிப்படி. இறங்கி வந்த ஒருவர் மறுபடி மேலே ஏறினால்தான் இவர் ஏற முடிந்தது. உள்ளே சுவரோரமெல்லாம் கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகள். அதில் ஒன்றின்மேல் டேப்காரர் உட்கார்ந்திருந்தார். நாற்காலி போட இடமில்லை.

"சார், இந்த ஆபீசுக்கு மட்டும் அகலம் பத்துதா?"

ஆய்வாளர் பெருமூச்சு விட்டார். "பத்தலைதான். அதை விடுங்க. சமையல்கட்டுப் புகை கூடத்துக்கு வரக் கூடாது. அதைச் சரி பண்ணுங்க, முடிஞ்சது."

மிச்சமிருந்த சமையல்கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவே இடுப்பளவு சுவர் எழுப்பி, அதற்கு மேல் கண்ணாடி வைத்தார்கள். சாப்பாட்டுத் தட்டை நீட்டக் கண்ணாடியில் ஒரு சின்னத் திறப்பு. அது மனைவியைச் சமாதானப்படுத்த மெக்கானிக் தாமாகச் செய்தது. அளக்க வந்த டேப்காரர் திறப்புக்கு முன்னால் நின்று, குனிந்து, நிமிர்ந்து பார்த்தார்.

"கழுத்து வலிக்காத உயரம்," என்றார். பிறகு, "இந்த ஃபிரிட்ஜுல தண்ணி நல்லா ஜில்லுன்னு இருக்குமாம்மா?"

"இருக்கும்ங்க. முதல்ல உங்களுக்குத்தான் குடுப்பேன்," என்றாள் மனைவி. மனம் விட்டுத்தான் சொன்னாள்.

மாதக் கடைசி நாள். கரண்ட் இணைப்புக்கென்று காலையிலேயே புது வீட்டுச் சாவியை ஆய்வாளர் வாங்கிக்கொண்டார். வாடகை வீட்டுச் சாவியையும் ஒப்படைத்தாகிவிட்டது. கட்டிலும் பாத்திரமும் ஏற்றிய வண்டி தெருமுனை திரும்பியபோது அந்தி சாய்ந்திருந்தது. புது வீட்டின் எல்லா ஜன்னலிலும் வெளிச்சம்.

"என்னங்க!" பல நாள் கழித்து மனைவி நேராக அவரைக் கூப்பிட்டாள். "கரண்ட் வந்துடுச்சுங்க!"

மெக்கானிக் சறுக்குப் பாதையில் ஓடினார். மைத்துனன் பின்னால் ஓடினான். உள்ளே ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வந்து உறுமிக்கொண்டிருந்தது. மேஸ்திரி சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். ஆய்வாளர் வந்து மெக்கானிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பாஸ். இந்தப் பேட்டையில இப்படி ஒரு கட்டடம் நான் பார்த்ததில்லை. ஒரு குறை கிடையாது."

"அப்போ சாமானை இறக்கிரலாமா சார்?"

"என்ன சாமான்?"

"கட்டில், பாத்திரம்..."

"பொதுக் கட்டடத்துல எப்படிக் குடும்பம் படுக்கும்?"

மெக்கானிக் சுவரைத் தட்டிக் காட்டினார். "இது வீடு சார்!"

"ரெட்டைக் கதவு, ரெண்டு வழி, பச்சை விளக்கு, ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி. இதையா வீடுங்கறீங்க?"

"நீங்கதானே சார் கேட்டீங்க?"

"வாசலைக் கொஞ்சம் அகலமாக்கச் சொன்னேன். கழிவறையைப் பெரிசாக்கச் சொன்னேன், புகையைத் தடுக்கச் சொன்னேன். மீதியெல்லாம் யாரு கேட்டா? பொதுக் கட்டடம்னா சட்டப்படி வாடகைக்கு எடுக்க முதல் உரிமை நகராட்சிக்கு. வாடகை ஒழுங்கா வந்துரும், கவலைப்படாதீங்க."

மெக்கானிக் திரும்பி மைத்துனனைத் தேடினார். அவன் பச்சைப் பலகை காட்டிய வழியில் போய்விட்டிருந்தான். வைத்த பிறகு அது உபயோகப்பட்ட முதல் தடவை.

மேஸ்திரி ஆணியை வாயிலிருந்து எடுத்தார். "இடிச்சிருவோமா?" என்றார் ரகசியமாக.

"அரசாங்கக் கட்டடம். கை வச்சா கேஸு," என்றார் ஆய்வாளர்.

"இதை எதிர்த்து நான் எங்க சார் மனு குடுக்கறது?" மெக்கானிக் ஆய்வாளரின் வழியை மறித்தார். வெளியே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். கட்டில்மேல் உட்கார்ந்து மனைவி கையாட்டிக்கொண்டிருந்தாள்.

டேப்காரர் வந்து மெக்கானிக்கின் தோளில் கை போட்டு, வாசல்வரை அழைத்துப் போனார். இன்னொரு கையில் தண்ணீர்ப் பாட்டில். ஜில்லென்று வியர்த்திருந்தது.

"மனசை விட்டுறாதீங்க சார். வீட்டுக்காரன் காலி பண்ணச் சொல்ற வேதனை எங்களுக்குத் தெரியாதா? எங்க பழைய ஆபீசுக்கும் இன்னைக்குத்தான் கெடு." சறுக்குப் பாதையில் அவரைப் பத்திரமாக இறக்கி விட்டார். "காலையில வாங்க. வீட்டு மனுவெல்லாம் ஒண்ணாம் நம்பர் ஜன்னல். உங்க சமையல்கட்டுதான்."

ரெட்டைக் கதவு அவர் முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. உள்ளே பூட்டு விழுந்தது.