டிரைவரைக் கேளு

கடலூர் முதுநகரில் எங்கள் மாடியில் குடியிருக்கும் 'பேனிக்' தம்பியைப் போல அவ்வளவு சத்தமாக நிதானத்தைப் போதித்த மனிதர் இந்த ஜில்லாவிலேயே கிடையாது.

வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. மொட்டைமாடியில் நின்று போனில் கத்துவார். "ஃபால்ட் வந்தா மொத்த மெஷினையும் ஏன்யா படுக்கவைக்கிற? பேனிக் ஆவாத! டிரைவரைக் கேளு!"

அவர் பஸ் கம்பெனி நடத்துகிறார், தினமும் ஒரு பஸ் கவிழ்கிறது என்றே தெரு நம்பியது. எதிர்வீட்டு மாமா கல்யாணத்துக்கு வேன் கேட்டு வந்தார்.

"மாமா, நான் எழுதுறது கம்ப்யூட்டருக்கு உள்ள இருக்குற டிரைவர்."

"அதுக்குள்ள எப்படிப்பா உக்காருவான்?"

எனக்கு மட்டும் பொறுமையாகச் சொன்னார். "மெமரி ஒரு ஹாஸ்டல்னு வெச்சிக்கங்கக்கா. கம்ப்யூட்டர்ல சொருகியிருக்குற ஒரு கார்டுக்கு ரூம் குடுப்போம், வேலை முடிஞ்சா காலி பண்ணிடுவோம். அது தெரியாம கார்டு பழைய ரூமையே தட்டும். வாட்ச்மேன் தடுப்பான். அதான் ஃபால்ட். அதுக்காக ஹாஸ்டலையே இழுத்து மூடக்கூடாது. தட்டுறத நிறுத்திட்டு, அந்த கார்டுக்குப் பொறுப்பான டிரைவரைக் கேக்கணும்."

போன மாதம் சிதம்பரத்தில் படிக்கும் என் மகள் காலையிலிருந்து போனை எடுக்கவில்லை. அழுதுகொண்டே மாடியேறினேன். கழுத்தில் ஹெட்போனோடு அப்படியே என்னோடு பஸ் ஏறிவிட்டார்.

ஹாஸ்டலில் அவள் அறையை யாரோ ஒரு பெண் திறந்தாள். "அவுங்க காலி பண்ணிட்டாங்களே ஆன்ட்டி." கீழே வந்தேன். மனசு கேட்காமல் திரும்பப் போய்த் தட்டினேன்.

"அக்கா, நீங்கதான் இப்ப அந்த கார்டு! பழைய ரூமையே தட்டாதீங்க!" என்று கேட்டிலிருந்து கத்தினார்.

"என் பொண்ணக் காணோம், உனக்கு கார்டா?" என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் முகம் வெளுத்தது. வாட்ச்மேனிடம் ஓடி, "ரூமு... பொண்ணு..." என்று உளறினார்.

வாட்ச்மேன்தான் சொன்னார். "அந்தப் பொண்ணு நேத்து பையோட ஸ்டாண்டு ஆட்டோல ஏறுச்சு. எங்க போச்சுன்னு எனக்கு எப்படி சார் தெரியும்? டிரைவரைக் கேளுங்க."

பேனிக் தம்பி ஸ்டாண்டுக்கு ஓடினார் பாருங்கள்!

ஆட்டோக்காரர் கீரப்பாளையத்தில் கொண்டுபோய் விட்டார். தோழி வீட்டில் காய்ச்சலோடு படுத்திருந்தாள் மகள். போன் தண்ணீரில் விழுந்து செத்திருந்தது.

"ஹாஸ்டல்ல தண்ணி சரியில்லம்மா, அதான் காலி பண்ணிட்டேன். காய்ச்சல்னு சொன்னா நீ பயந்துடுவ..."

வாசலில் முதுகைக் காட்டி நின்றவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். "நானும் பேனிக் ஆயிட்டேன்க்கா."

இப்போதும் மகள் உடனே எடுக்காவிட்டால் போனைக் கீழே வைத்துவிடுகிறேன். மாடியில் "பேனிக் ஆவாத!" என்ற அந்தக் கத்தல் கேட்கும்வரை காத்திருந்து, பிறகுதான் மறுபடி நம்பரை அழுத்துகிறேன்.