அப்பீல் அண்ணனும் செவலைப் பசுவும்

புதுச்சேரியிலேயே எந்த முடிவையும் முதல் தடவையில் ஏற்றுக்கொள்ளாத மனிதர், உப்பளத்தில் எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றும் அப்பீல் அண்ணன்தான். மாடு திருடியதாக ஆறு மாதத் தண்டனை பெற்று, அப்பீல் செய்து ஜாமீனில் இருந்தார். அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் அப்பீல். டாக்டர் சர்க்கரை என்றால் அடுத்த டாக்டரிடம் அப்பீல். தெருக் கிரிக்கெட்டில் யாராவது அவுட் ஆனால், வழியில் போகும் இவர் சைக்கிளை நிறுத்தி அப்பீல்.

"பால் தண்ணியா இருக்கேண்ணே?" என்று ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அப்பீல் போடும்மா. மாட்டாண்ட விசாரிக்கிறேன்."

கேட்டிருக்கக் கூடாதோ என்று அன்று முழுக்கக் கவலைப்பட்டேன்.

வழக்கு இதுதான். பெரிய மார்க்கெட்டில் கோஸ் இலை மேய்ந்துவிட்டு மாலையில் தானாக வீடு திரும்பும் செவலைப் பசு ஒன்று, மழையில் வழி தவறி இவர் கொட்டகைக்குள் வந்துவிட்டது. கட்டிவைத்துத் தீனி போட்டார். மூன்று நாள் மார்க்கெட்டில் கடை கடையாக விசாரித்தார். நான்காம் நாள் சொந்தக்காரர் போலீசோடு வந்தார். கோர்ட்டில் "கறந்தாயா?" என்று கேட்டதற்கு, "கறக்காம விட்டா மடி கட்டிக்கும்ங்க. நல்ல பாலு" என்றார். அந்தப் பாராட்டுதான் அவரை மாட்டிவிட்டது.

அப்பீல் விசாரணைக்குத் துணையாக, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் போனேன். "வாயத் தொறந்தீங்கன்னா ஜெயிலுதான்" என்று வக்கீல் அவரிடம் சொல்லிவிட்டு வாதாடினார்.

"ஐயா, அது பால் வத்துன கிழட்டு மாடு. அத யாருங்கய்யா திருடுவாங்க?"

"வக்கீலய்யா, வாய்க்கு வந்தத பேசாதீங்க" என்றார் அண்ணன் பின்னாலிருந்து. "ரெண்டாவது ஈத்து. வேளைக்கு நாலு லிட்டரு."

வக்கீல் நெற்றியில் கை வைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் நீதிபதி.

"மூணு நாளு கறந்தேனேய்யா. கன்னு இல்லாம கத்திக்கினே இருந்துச்சு. அதான் மார்க்கெட்டு பூரா கேட்டேன், யாரு மாடுன்னு. கீரைக்காரம்மாவ கேளுங்க."

நீதிபதி காகிதங்களைப் புரட்டினார். கீரைக்காரம்மா கீழ்க்கோர்ட்டிலேயே அதைச் சொல்லியிருந்தார், யாரும் கண்டுகொள்ளவில்லை. திருடியவன் மார்க்கெட் முழுக்க அறிவிக்க மாட்டான் என்று சொல்லி, அண்ணனை விடுதலை செய்தார்.

வாசலில் அண்ணன் வக்கீலிடம், "அது சரிங்க, மாடு கிழடுன்னு எழுதிட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து குழந்தையை இறக்கிவிட்டபோதுதான் காலண்டரில் நான் போட்டிருந்த வட்டம் கண்ணில் பட்டது. அன்று அவளுக்குத் தடுப்பூசி நாள்; அண்ணன் வழக்குக் கவலையில் மறந்தே போனேன். அவள் பிறந்ததிலிருந்து நான் மறந்த முதல் காரியம் அதுதான்.