இன்னொரு பார்ட்டி

சந்தை என்றால் வாங்குகிறவர், விற்கிறவர் என்று இரண்டே இனம்தான் என்று பி.காம். முதலாம் ஆண்டில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஏற்காடு மலைமேல் இருக்கிற கொட்டச்சேட்டில் எங்கள் குடும்பத்திலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். புத்தகத்தில் அச்சடித்திருப்பதை நம்பாமல் வேறு எதை நம்புவேன்? மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது, மற்ற இரண்டையும் கூட்டினாலும் அதன் எண்ணிக்கைக்கு வராது என்பதை, பட்டம் வாங்கிச் சேலத்தில் ஒரு ஷேர் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்த ஏழாவது நாள்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த இனத்துக்குப் பெயர், பார்க்கிறவர்.

வாங்க மாட்டார். விற்க அவரிடம் ஒன்றும் இருக்காது. பார்ப்பார்.

2006ஆம் வருஷம் அது. ஷேர் விலையெல்லாம் ஏறிக்கொண்டே இருந்த காலம். சலவைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கையில் நீளக் குடை என்று ஒருவர் உள்ளே வந்து, சுவரில் இருந்த திரையில் ஓடும் எண்களை ஒரு மணி நேரம் நின்றபடியே பார்த்தார். பிறகு என்னிடம் வந்து குனிந்தார்.

"ஏனுங்க தம்பி, இந்தக் கம்பெனியெல்லாம் நேர்ல பாக்க முடியுங்களா?"

"எதுக்குங்கய்யா?"

"வாங்கறதுக்கு முன்னாடி எடத்தப் பாக்க வேண்டாமுங்களா?"

அவர்தான் தேவசிகாமணி. ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ஆள் கணக்கும் மூட்டைக் கணக்கும் எழுதுகிற ஹெட் ரைட்டர். நானும் மலைக்காரன்தான் என்று தெரிந்ததும் தம்பி போய்க் கண்ணு ஆகிவிட்டேன். "கொட்டச்சேடா? சொல்லவே இல்லயே கண்ணு!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு உட்கார்ந்தவர் அடுத்த ஒன்றரை வருஷம், மாதம் இரண்டு தடவை பஸ் பிடித்து இறங்கி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு ஷேர் வாங்கினாரா? அவசரப்படாதீர்கள். அவரே அவசரப்படவில்லை.

ஏறுகிற ஷேரைக் காட்டினால், "ஏறுனதுக்கப்பறம் போயி ஏறலாமுங்களா?" என்பார். இறங்குகிற ஷேரைக் காட்டினால், "எறங்குதுன்னா உள்ள ஏதோ இருக்குது கண்ணு" என்பார். சரி, ஏறாமல் இறங்காமல் இருக்கிற ஒன்றைத் தேடிப் பிடித்துக் காட்டினால், "அசையாம இருக்கறதுதான் வேணும்னா நான் எடமே வாங்கிக்குவனே!" என்பார். ஒருமுறை, சமவெளியில் இருந்த ஒரு நூல் மில்லின் ஷேரைப் பற்றிச் சொன்னேன். நல்ல மில், நல்ல லாபம், மூன்று வருஷக் கணக்கைப் பிரித்துப் படித்துக் காட்டினேன். படித்த படிப்பு எதற்கு இருக்கிறது? அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, அடுத்த நாள் லீவு போட்டு, மூன்று பஸ் மாறி அந்த மில்லின் வாசலுக்கே போய், ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வருகிறவரை எதிர்ப்பக்கத்துப் புளியமரத்தடியில் நின்று பார்த்துவிட்டு வந்தார்.

"ஒருத்தரு மூஞ்சியிலயும் சிரிப்பு இல்ல கண்ணு. வாட்ச்மேனுக்கு ஒரு கால் செருப்பு அறுந்திருக்குது. நமக்கு வேண்டாம்."

எட்டு மாதத்தில் அந்த ஷேர் இரட்டிப்பானது. "சிரிக்காமயே ஏறிப்போச்சு பாரு" என்று அதற்கும் அவரே ஆச்சரியப்பட்டார்.

இப்படி ஷேரில் நம்பிக்கை இல்லாதவர் இடத்தில் போட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கேதான் இந்த இனத்தின் சூட்சுமம் இருக்கிறது. ஷேர் ஆபீஸில் உட்கார்ந்தால் இடத்தைப் பற்றிப் பேசுவார். இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் ஷேரைப் பற்றிப் பேசுவார். கவுண்டரில் என்னிடம், "மண்ணு எங்கயும் ஓடிப் போகாது கண்ணு" என்றவர், அடுத்த ஞாயிற்றுக்கிழமை மண்ணின் மேல் நின்றுகொண்டு, "இந்தக் காச ஷேர்ல போட்டா இந்நேரம் குட்டி போட்டிருக்கும், இது சும்மா படுத்துக் கெடக்குது" என்பார். இரண்டு பக்கமும் அவர் சொன்னது சரிதான். அதுதான் தொந்தரவே.

ஏற்காட்டில் அவருக்கு இடம் காட்டுகிறவர் செங்கோடன். பஸ் ஸ்டாண்டு டீக்கடையை ஆபீஸாகவும் ஒரு பழைய ஜீப்பைக் கிளை ஆபீஸாகவும் வைத்திருக்கிற நில புரோக்கர். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எஸ்டேட் குவார்ட்டர்ஸ் வாசலில் ஜீப் வந்து நிற்கும். குடையோடு ரைட்டர் ஏறுவார். சேர்வராயன் கோயில் ரோட்டில் ஒன்று, கிளியூர்ப் பக்கம் ஒன்று, எங்கேயாவது சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் ஒன்று என்று மூன்று இடமாவது பார்ப்பார்.

அவர் இடம் பார்ப்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதலில் குதிகாலால் இரண்டு மிதி. பிறகு ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து மோந்து, விரல் இடுக்கில் விட்டு, கையைத் தட்டிக்கொள்வார். "வடக்க யாரு?" என்பார். "மழத்தண்ணி எப்படிப் போவும்?" என்பார். மூலப் பத்திரத்தை வாங்கி முதல் பக்கத்திலிருந்து முத்திரை வரை படிப்பார். வில்லங்கச் சான்று முப்பது வருஷத்துக்குப் போட்டிருந்தால் அதற்கு முந்தின முப்பது வருஷத்தைக் கேட்பார். ரோடு குறுகலாக இருந்தால் லாரி வராது. அகலமாக இருந்தால் நாளைக்கு இன்னும் அகலம் பண்ணுகிறேன் என்று கவர்மென்ட் வரும். ஒரு தடவை, எதிரே மலையும் பள்ளத்தாக்குமாகக் கண்ணுக்கு எட்டின தூரம் வரை பச்சையாகத் தெரிகிற இடத்தில் நின்று, "வியூ நொம்ப நல்லாருக்குதுங்க. ஆனா அந்த எதுத்த மலைக்கு நம்மகிட்டப் பத்திரம் இல்லீங்களே" என்றார்.

எல்லாம் முடிந்ததும் குடையை ஊன்றிக்கொண்டு கடைசி வாக்கியம்: "சரிங்க. பாத்துட்டுச் சொல்றேன்."

பார்த்தாகிவிட்டதே, இன்னும் எதைப் பார்ப்பது என்று செங்கோடன் ஒரு நாளும் கேட்டதில்லை. ஓட்டலுக்குக் கூட்டிப் போய் மட்டன் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, ஜீப்பிலேயே கொண்டுவந்து இறக்கிவிடுவார். பதினொரு வருஷமாக ஒரு சென்ட் கூட வாங்காத ஒருவருக்கு ஒரு புரோக்கர் எதற்காக ஞாயிறு தவறாமல் மட்டன் வாங்கிக் கொடுக்க வேண்டும்? ரைட்டர் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. பி.காம். பாடத்தில் அது இல்லை.

இதையெல்லாம் ஒரு பொழுதுபோக்கு என்று விட்டுவிடலாம், அவர் மனைவி காவேரியம்மாள் மட்டும் இல்லையென்றால். முப்பத்தொரு வருஷம் எஸ்டேட் குவார்ட்டர்ஸில் குடித்தனம் செய்தவர். அங்கே ஒரு சட்டம் உண்டு. மானேஜர் கையெழுத்து இல்லாமல் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. ஒரு ஆணிக்காக மானேஜர் முன்னால் போய் நிற்பதா என்று காவேரியம்மாள், காலண்டரைக் கயிற்றில் கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டார். காற்றடித்தால் ஜனவரியும் பிப்ரவரியும் சேர்ந்து பறக்கும். 2008 மார்ச் முப்பத்தொன்றாம் தேதி ரைட்டருக்கு ரிடையர்மென்ட். அதற்குப் பிறகு மூன்றே மாதம், வீட்டைக் காலி செய்துவிட வேண்டும்.

ரிடையர்மென்ட்டுக்கு ஐந்து மாதம் இருக்கும்போதுதான் கிளியூரில் வேலம்மாள் என்கிற அம்மாள் தன் மகளோடு போய் இருக்கப் போவதாகச் சொல்லி வீட்டை விலைக்குச் சொன்னார். மூன்று சென்ட். ஓட்டு வீடு, வாசலில் குழாய், பின்னால் ஒரு ஆரஞ்சு மரம். விலை ஐந்து லட்சம். காவேரியம்மாள் ஒரே ஒரு தடவைதான் உள்ளே போய் வந்தார்.

"இங்க காலண்டரு, அங்க சாமி படம், கதவுக்குப் பின்னால சட்ட மாட்டறதுக்கு ரெண்டு ஆணி. முடிச்சிருங்க."

"பாக்கலாம்" என்றார் ரைட்டர். பார்த்தார். நவம்பரில் ஓட்டைப் பார்த்தார். டிசம்பரில் மரத்தின் வேரைப் பார்த்தார். ஜனவரியில் இரண்டு தடவை வந்து, பக்கத்து வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்று அவர் வீட்டுக் கொடியில் காய்கிற துணிகளை வைத்துப் பார்த்தார்.

ஜனவரி கடைசியில் ஷேர் மார்க்கெட் விழுந்தது. எங்கள் ஆபீஸில் ஆட்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே நுழைந்த ரைட்டர் முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

"நான் ஒன்னு கூட வாங்கல பாத்தியா! எவ்வளவு காசு தப்பிச்சுது! இனி எடந்தான் கண்ணு. முடிவு பண்ணிட்டேன்."

என்னால் நம்ப முடியவில்லை. ஆனால் உண்மையாகவே முடிவு செய்துவிட்டார். பிப்ரவரி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு, புதன்கிழமை மஞ்சள் பையில் அட்வான்ஸ் பணத்தோடு, காவேரியம்மாளையும் கூட்டிக்கொண்டு டீக்கடைக்கு வந்தார். பத்திரத்தைப் படிக்க ஒரு படிச்ச ஆள் வேண்டும் என்று எனக்கும் லீவு போடச் சொல்லியிருந்தார். நானும் புதுப் பேனா ஒன்று வாங்கிக்கொண்டு போயிருந்தேன்.

செங்கோடன் பையைப் பார்த்தார். காவேரியம்மாளைப் பார்த்தார். என் பேனாவைப் பார்த்தார்.

"என்னங்க இது?"

"அட்வான்ஸ். வேலம்மா ஊட்டுக்கு."

"அது முடிஞ்சு போச்சுங்களே! நேத்து கிரயமே ஆயிருச்சு. சேலத்துல மெடிக்கல் கடை வெச்சிருக்கறாரே, அவரு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே?"

"ஒங்ககிட்டயா?" செங்கோடன் குரலில் கள்ளம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. "ஏனுங்க ரைட்டரே, நீங்க நெசமாலுமே வாங்கறதுக்கா பாத்தீங்க?"

"பின்ன எதுக்கு?"

"அட சாமி! அந்த மெடிக்கல்காரரு ரெண்டு மாசமா இழுத்தடிச்சாருங்க. எஸ்டேட் ரைட்டரு வந்து வந்து பாத்துட்டுப் போறாரு, அடுத்த வாட்டி முடிச்சிருவாருன்னு சொல்லிட்டே இருந்தேன். நம்பல. ஞாயித்துக்கெழம நீங்க வாசல்ல குடையோட நின்னு மண்ண மோந்தீங்களே, அவரு ரோட்டுல கார்ல உக்காந்து பாத்துட்டுத்தான் இருந்தாரு. மக்யா நாளு திங்கக்கெழமயே பணத்தோட வந்துட்டாருங்க."

ரைட்டர் குடையைக் கைமாற்றிக்கொண்டார்.

"அப்ப, இந்தப் பதினோரு வருசமா..."

"நீங்கதானுங்க இன்னொரு பார்ட்டி. இன்னொரு பார்ட்டி பாத்துட்டுப் போயிருக்காங்கன்னு சும்மா வாயில சொன்னா இந்தக் காலத்துல எவன் நம்பறான்? ஆளக் காட்டணுமில்லீங்க. நான் முடிச்ச எடத்துல பாதி நீங்க பாத்து முடிஞ்சதுங்க. ராசியான பார்வை."

காவேரியம்மாள் கேட்டார்: "அப்ப ஞாயித்துக்கெழம மட்டனு?"

"அது ஒரு மரியாதைங்கம்மா."

"கூலின்னே சொல்லு சாமி. எங்க ஊட்டுலயும் ஆள் கணக்குத்தான் எழுதறாங்க."

டீக்கடைக்காரர் பாய்லர் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். ரைட்டர், இந்த இனத்தால் கேட்காமல் இருக்கவே முடியாத கேள்வியைக் கேட்டார்.

"எவ்வளவுக்குப் போச்சு?"

"ஆறே கால்."

"அஞ்சுன்னுதானே சொன்னே?"

"நீங்க பாத்தீங்கல்லங்க."

ரைட்டர் மனதுக்குள் ஏதோ கூட்டினார். "ஆறே கால் அதிகந்தான். அந்தக் காச இப்ப விழுந்து கெடக்கற ஷேர்ல..." என்று ஆரம்பித்தவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். எனக்குத் தெரிந்து அவர் பாதியில் நிறுத்திய ஒரே ஒப்பீடு அதுதான்.

இதைப் படித்துவிட்டு, பாவம் அந்த மனுஷன் என்று நீங்கள் உச்சுக் கொட்டுவீர்கள். கொட்டுங்கள். கொட்டி முடித்ததும், ஷேர் வாங்கக் கணக்குத் திறந்தீர்களே, அதில் எத்தனை ஷேர் இருக்கிறது என்று பாருங்கள். செல்போனில் சேர்த்து வைத்திருக்கிற மனைப் போட்டோக்களை எண்ணுங்கள். "இன்னும் கொஞ்சம் எறங்கட்டும்" என்று ஒன்றுக்கும், "பேசிப் பாக்கலாம்" என்று மற்றொன்றுக்கும் எத்தனை வருஷமாகச் சொல்லி வருகிறீர்கள் என்று கணக்குப் போடுங்கள். அடுத்த தடவை ஒரு புரோக்கர் உங்களை இடம் பார்க்கக் கூட்டிப் போய், "இன்னொரு பார்ட்டியும் பாத்துட்டிருக்காங்க" என்று காதோடு சொன்னால், பதறாதீர்கள். சாப்பாட்டுக்குக் காசு யார் கொடுக்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். அவர் கொடுத்தால், ரோட்டில் ஏதாவது கார் நிற்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.

ரைட்டர் இப்போது எங்கே இருக்கிறார் என்றுதானே கேட்கிறீர்கள்? கிளியூரில்தான், வேலம்மாள் வீட்டில்தான் இருக்கிறார். மெடிக்கல்காரர் குடியிருக்க வாங்கவில்லை, முதலீட்டுக்காக வாங்கிப் போட்டார். ஜூன் மாதம் அதை ரைட்டருக்கே வாடகைக்கு விட்டார். ஒப்பந்தத்தைப் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தவன் நான்தான், அந்தப் புதுப் பேனாவில். மொத்தம் பதினொரு ஷரத்து. ஏழாவது ஷரத்து, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.

காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்குகிறது.