தஞ்சாவூரில் நடந்த பெங்களூரு ஒத்திகை

எவ்வளவு பெரிய சம்பளத்தையும் நின்ற இடத்திலேயே பாதியாக்கும் வல்லமை காவிரிக் கரையில் ஒருவருக்குத்தான் உண்டு. எங்கள் தஞ்சாவூர் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கட்டட வரைபடம் போட்டவர். அவர் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. கழித்தல் பாய் என்றால் வழி காட்டுவார்கள்.

எனக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. இரண்டு மடங்குச் சம்பளம். தலைகால் புரியாமல் லட்டு கொடுத்தேன். லட்டை மென்றுகொண்டே பாய் ஆரம்பித்தார்.

"வாடகையக் கழிங்க. தண்ணி லாரியக் கழிங்க. கீழ்வேளூர்லேருந்து மாமனார் அனுப்புற அரிசியக் கழிங்க..."

"அது செலவே இல்லியே பாய்?"

"அதான் தம்பி! அங்க அது செலவு."

நான் மசியவில்லை. பெரிய எண்ணைப் பார்த்துவிட்டால் வேறெதுவும் தெரியாத கண் எனக்கு.

"ஒரு வாரம் இங்கயே பெங்களூரு மாதிரி இருந்து பாருங்க. தாங்கிட்டீங்கன்னா நானே பஸ் ஏத்தி விடுறேன்" என்றார். வீறாப்பாக ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் காலை மனைவி அலறினாள்: "ஏங்க, பாய் நம்ம அரிசி மூட்டையத் தூக்கிட்டுப் போறாரு!"

"பெங்களூருல இது கிடையாதும்மா!" என்று தெருவிலிருந்து பதில் வந்தது.

அலுவலகம் பத்து நிமிட நடைதான். பாய் விடவில்லை. டவுன் பஸ்ஸில் ஏற்றி, பழைய பஸ் ஸ்டாண்டுக்கும் புது பஸ் ஸ்டாண்டுக்குமாக ஒன்றரை மணி நேரம் அலைக்கழித்தார். சாயங்காலமும் அதே கூத்து. நான் நடுவில் குதித்துத் தப்பிவிடாதபடி பக்கத்திலேயே உட்கார்ந்து உலகக் கதையெல்லாம் பேசினார்.

கண்டக்டர் பொறுக்கமாட்டாமல், "எங்கதான் சார் போறீங்க?" என்று கேட்டார்.

"பெங்களூருக்கு" என்றார் பாய்.

வாரம் முடிவதற்குள் என் இடுப்பு கழன்றுவிட்டது. "நான் போகல பாய். வேணாம்னு சொல்லிட்டேன்."

வெற்றிச் சிரிப்பை எதிர்பார்த்தேன். அவர் தொண்டையைக் கனைத்தார்.

"அப்ப அந்த வேலைய எனக்குக் கேட்டுப் பாருங்களேன் தம்பி."

"கழிச்சா ஒண்ணும் மிஞ்சாதுன்னீங்களே!"

"பொண்ணு காலேஜ் சேரணும்ல. அதோட, ஒத்திகைக்கு நானும்தான கூட வந்தேன்? எனக்கு ஒண்ணும் கஷ்டமாத் தெரியலையே!"

அரிசி மூட்டையை எங்கள் வாசலில் இறக்கி வைத்துவிட்டு, அடுத்த மாதமே கிளம்பிப் போனார்.

இப்போது தினமும் சாயங்காலம் அந்த ஊர் நெரிசலில் வண்டி நின்றதும் எனக்கு ஃபோன் போடுகிறார். வண்டி நகரும்வரை பேச்சு. அந்த நேரத்தில் வேறு யார் கூப்பிட்டாலும் நான் எடுப்பதில்லை. பெங்களூரு சாலைகளெல்லாம் சீக்கிரம் சரியாகிவிடும் என்று செய்தியில் சொன்னால், எனக்குத்தான் பகீரென்கிறது.