யாரும் போகாத இடத்துக்குப் போகிறவர்

நம் பக்கத்தில் ஓர் இனம் பெருகிவருகிறது. இவர்கள் சுற்றுலா போவார்கள். ஆனால் சுற்றுலாப் பயணி என்று சொல்லிவிட்டால் சண்டைக்கு வருவார்கள். ஓர் இடம் அழகாக இருக்கிறதா என்பதெல்லாம் இவர்களுக்கு இரண்டாம் பட்சம். அங்கே வேறு யாராவது போயிருக்கிறார்களா என்பதுதான் முதல் கேள்வி. அருவி என்றால் படிக்கட்டு இருக்கக் கூடாது, ஏரி என்றால் படகு இருக்கக் கூடாது, மலை என்றால் உச்சியில் டீக்கடை இருக்கக் கூடாது, கூகுளில் நாற்பது பேர் நட்சத்திரம் போட்டுவிட்டால் அந்த இடம் அன்றோடு செத்தது. கழிப்பறை? அதை மட்டும் இவர்களிடம் கேட்காதீர்கள்.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் முருகானந்தம் இந்த இனத்தில் முதல் தரம். பட்டறையில் தங்கமான மனிதர். பையைத் தோளில் மாட்டினால் வேறு ஆள். அவருக்கு வாழ்க்கைப்பட்ட சத்யபிரியா பன்னிரண்டு வருடத்தில் ஏழு முறை ஏற்காடு போயும் அந்த ஏரியில் ஒரு தடவைகூடப் படகு ஏறியதில்லை. மலையின் முட்புதர்கள் மட்டும் அவளுக்கு மனப்பாடம். ஒருமுறை காலில் அட்டை ஏறியபோது முருகானந்தத்தின் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

“அட்டை கடிச்சுதுன்னா என்ன அர்த்தம் புள்ள? அது மனுச ரத்தம் பாத்து நாளாச்சுன்னு அர்த்தம்!”

இந்த வருடம் அந்தமான். சத்யபிரியா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அடியில் கண்ணாடி பதித்த படகில் உட்கார்ந்து பவளப்பாறை பார்க்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே மனதில் இருந்த ஆசை அது. நீச்சல் தெரியாதவள் கடலின் அடியைக் காண வேறு வழியும் இல்லை.

“அதுக்கெல்லாம் டூரிஸ்டுங்க போவாங்க” என்றார் முருகானந்தம்.

“அப்ப நாம யாருங்க?”

அவர் பையின் வாரை இறுக்கப் போய்விட்டார். இந்த இனத்தில் எவரும் இதற்குப் பதில் சொன்னதில்லை.

தீவில் இறங்கியதும் கண்ணில் பட்ட உள்ளூர்க்காரர்களை எல்லாம் நிறுத்தி, நீங்கள் போகிற இடம் எது என்று விசாரித்தார். எல்லோரும் ஊரறிந்த கடற்கரையையே கைகாட்டினார்கள், அவர்கள் அங்கேதான் போகிறார்கள் என்பதால். ரகசியத்தை மறைக்கிறார்கள் என்று முடிவுகட்டிய முருகானந்தம், செயற்கைக்கோள் வரைபடத்தில் பச்சையாகத் தெரிந்த இடங்களில் எல்லாம் விரலை வைத்து, மனைவியை இழுத்துக்கொண்டு நான்கு நாள் சேற்றிலும் புதரிலும் அலைந்தார். மிச்சம் ஒரே நாள். சத்யபிரியா தானே போய்ப் படகுக்குச் சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் பதினொரு மணிப் படகு.

“காத்தால ஒரே ஒரு பீச்சு. பத்துக்குள்ள திரும்பீர்லாம், வா.”

ஒன்பதரை ஆகியும் பீச்சைக் காணோம். சத்யபிரியாவின் செருப்பு அறுந்திருந்தது. முருகானந்தம் நின்று, குனிந்து, மண்ணைத் தொட்டுப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “இந்த மண்ணுல மனுசக் காலே பட்டிருக்காது.”

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. திருச்செங்கோட்டில் பிறந்த சத்யபிரியாவுக்கு அது என்னவென்று யாரும் சொல்லத் தேவையில்லை. மரங்களைத் தாண்டினார்கள். அவள் ஊர்க்காரர்கள் நாடெங்கும் கொண்டுபோகும் போர்வெல் ரிக் வண்டி ஒன்று பூமியைத் துளைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் பைப் ஏற்றிய லாரி. அதன் பின்பலகையில், மஞ்சள் எழுத்தில், போன் நம்பரோடு: முருகானந்தம் பாடி ஒர்க்ஸ், நாமக்கல்.

ரிக்கின் மேற்பார்வையாளர் மருதாசலம் துண்டால் முகத்தைத் துடைத்தபடி ஓடிவந்தார். “ஏனுங்க, நம்மூருங்களா? வாங்க, வாங்க! இங்க பெரிய ஓட்டல் கட்டறாங்க, அதுக்கு போர் போடறமுங்க. வண்டியெல்லாங் கப்பல்ல ஏத்தியாந்து ஆறு மாசமாச்சுங்க.”

தன் பெயர் தனக்கு ஆறு மாதம் முன்பே வந்து சேர்ந்த இடத்தில் முருகானந்தம் நின்றார். வேறு யாராவது என்றால் பெருமையில் மீசையை முறுக்கியிருப்பார். இவரோ இழவு வீட்டுக்கு வந்தவர்போல் தலையில் கை வைத்தார். மெல்லத் தேற்றிக்கொண்டு கேட்டார்: “இதுக்கும் அந்தப்பக்கம், ஆளே போகாத எடம் ஏதாச்சும் இருக்குங்களா?”

“அந்தப்பக்கம் கடலுதானுங்க.”

சத்யபிரியா மணி பார்த்தாள். பத்தே கால். அழுகை வரும் என்று நினைத்தாள். வந்தது பன்னிரண்டு வருடத்துக் கோபம்.

“ஏனுங்ணா, கண்ணாடிப் படகு உடற எடத்துக்கு வண்டி ஏதாச்சுங் கெடைக்குங்களா?”

“நம்ம ஜீப்பு டீசலுக்கு அங்கதானுங்க அம்மிணி போகுது. ஏறிக்கங்க.”

“சத்யா! அங்க ஒரே கூட்டமா இருக்கும்!”

“இருக்கட்டுங்க. நானுங் கூட்டந்தானுங்க.”

ஜீப் போய்விட்டது. படகில் இருபது பேர், அழுகிற கைக்குழந்தை இரண்டு, முறுக்குப் பொட்டலம் ஒன்று. சத்யபிரியா கண்ணாடிமேல் கவிழ்ந்தவள் நிமிரவே இல்லை. காலடியில் ஒரு தோட்டமே அசைந்தது. பார்க்கப் பார்க்க அவளுக்குக் கண் நிறைந்தது.

முருகானந்தமும் சும்மா இருக்கவில்லை. ரிக்கும் லாரியும் விழாதபடி கோணம் பார்த்துப் படம் எடுத்து, ‘மனிதன் கால் படாத மண்’ என்று ஸ்டேட்டஸ் வைத்தார். சாயங்காலத்துக்குள் பதினேழு பேர் இடம் எது என்று கேட்டார்கள். ஒருவருக்கும் சொல்லவில்லை.

நீங்களும் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். அது எந்தத் தீவு, எந்தப் பாதை என்று இங்கேயும் சொல்லப்படவில்லை. சத்யபிரியா பார்த்த பவளப்பாறை என்ன நிறம் என்று கேட்க உங்களுக்குத் தோன்றவில்லை. ஓட்டல் திறப்பதற்குள் அங்கே ஒரு நடை போய்வந்துவிட முடியுமா என்றுதான் கணக்குப் போட்டீர்கள். இல்லையா? அப்படியானால் அந்தப் போனைக் கீழே வையுங்கள்.