ருபார்ப் பாத்தியில் எல்லைக் கல்

லிட்டில் ஆர்ன்பி,
செவ்வாய்க்கிழமை

கவுண்டி அலுவலகத்தின் வரைபடப் பிரிவையே தன் தோளில் தாங்கி நிற்கும் அண்ணன் மகள் ரோசலிண்டுக்கு, லிட்டில் ஆர்ன்பி ஊர்மன்றத் தலைவரும் உன் சித்தப்பாவுமாகிய பெர்சி எழுதுவது. நானும் உன் சித்தி டோரீனும் சுகம். உன் பூனைக்கு உடம்பு தேவலையா?

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊருக்கும் கிரேட் ஆர்ன்பிக்கும் நடுவே இருந்த எல்லைக் கல் காணாமல் போனது உனக்குத் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும், மூன்று வருஷமாக நான் எழுதிய நாற்பத்தொரு மனுவும் உன் மேசைக்குத்தானே வந்தது. திருடியது கிரேட் ஆர்ன்பி ஊர்மன்றத் தலைவி திருமதி டாப்லிதான் என்று மன்றத்தில் முழங்கினேன். வட்டமன்றத்தைக் கேட்டால், குப்பை அள்ளுவதுதான் எங்கள் வேலை, கல் கவுண்டியுடையது என்றார்கள். அதற்கும் மேலே இருக்கும் கவுண்டியைக் கேட்டால், சாலையோரக் கல்தான் எங்களுடையது, வயலோரக் கல் ஊர்மன்றத்துடையது என்றார்கள். ஊர்மன்றம் என்றால் நான். ஆக எனக்கு நானே ஒரு பதில் எழுதி, அதில் திருப்தி இல்லாமல் மேல்முறையீடும் செய்தேன்.

போன ஞாயிறு, ஊர் எல்லையைக் குச்சியால் தட்டிக்கொண்டே சுற்றிவரும் வருடாந்திர எல்லை நடை. இந்த வருஷம் இரண்டு ஊரும் சேர்ந்தே நடந்தது. இருநூறு பேர் (உன் சித்தி இருபத்திரண்டு என்கிறாள்) கையில் குச்சியோடு என் பின்னால் வந்தார்கள். எல்லைக்கோடு யார் இடத்துக்குள் போனாலும் நடையும் அதற்குள் போயாக வேண்டும். அது நம் தோட்டத்துக்குள், நான் ருபார்ப் தண்டு வளர்க்கும் பாத்தி ஓரமாகப் போகிறது. நானே வேலிக்கதவைத் திறந்து, “வாங்க வாங்க, என் ருபார்ப்பைப் பாத்துட்டுப் போங்க” என்று கூப்பிட்டேன்.

பாத்தி ஓரத்தில் மழைத்தண்ணீர்ப் பீப்பாய் நிற்கிறதல்லவா, அதன் அடியில் இருந்த கல்லைத் திருமதி டாப்லி குச்சியால் தட்டினார். பாசி உதிர்ந்தது. ஒரு பக்கம் அவர்கள் ஊரின் முதலெழுத்து, மறுபக்கம் நம் ஊருடையது.

“தலைவரே, நான் திருடின கல்லு மேலயா பீப்பாயை வச்சிருக்கீங்க?”

“அது வேற கல்லும்மா.”

சமையலறை ஜன்னலில் இருந்து உன் சித்தி: “பத்தொம்பது வருஷமா அதே கல்லுதான். தூக்கிட்டு வந்தன்னிக்கு இவருக்கு இடுப்பு புடிச்சிக்கிச்சு, நான்தான் தைலம் தேச்சேன்.”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பிழைத்திருப்பேன். எல்லாரும் ரொம்ப மரியாதையாக ருபார்ப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கேட்பாரற்ற கல் என்று அந்தக் காலத்தில் உருட்டி வந்தது, பிறகு சுத்தமாக மறந்துபோனேன், அவ்வளவுதான்.

ஆனால் நேற்று மாலை ஊர்மண்டபத்தில் நான் மன்னிப்புக் கேட்டதை நீ பார்த்திருக்க வேண்டும். நாற்பது நிமிஷம். மண்டபமே விம்மியது. வட்டமன்ற உறுப்பினர் கைக்குட்டையைப் பிழிந்தார். திருமதி டாப்லி எழுந்து, “உங்களை மாதிரி மனுஷனை நான் பாத்ததில்ல” என்று சொல்லி, அந்தக் கல்லை எனக்கே பரிசாகத் தர முன்வந்தார். பெருந்தன்மையோடு மறுத்துவிட்டேன்.

இனி உன் மேசையில் மனு எதுவும் விழாதிருக்க வாழ்த்தி, பூனைக்கும் அன்பு சொல்லும்,
சித்தப்பா பெர்சி விட்டிங்காம்

பி.கு.: உறையை ஒட்டுமுன் டோரீன் படித்துவிட்டாள். “வியாழக்கெழமை கூட்டத்துக்கு இன்னிக்கே கைதட்டு வாங்கிட்டீங்களா?” என்றாள். ரோசலிண்ட், அந்தக் கூட்டம் இன்னும் நடக்கவே இல்லை. கல்லை நான் மறக்கவும் இல்லை. முதல் மனு எழுதும்போதே அது பீப்பாய்க்கு அடியில் இருப்பது தெரியும். தொடங்கிவிட்டேன், நிறுத்தத் தெரியவில்லை. திருமதி டாப்லியை மூன்று வருஷம் ஊர் ஒரு மாதிரியாகப் பார்த்தது. உன்னை மழையில் வயல்வயலாக அளக்க வைத்தேன். வியாழன் மாலை ஏழு மணிக்கு மண்டபத்தில் மன்னிப்புக் கேட்க எழுந்து நிற்க வேண்டும். இதுவரை ஒரு வரிகூட வரவில்லை. நீ பக்கத்தில் உட்கார வேண்டாம். கடைசி வரிசையில் இருந்தால் போதும்.